கீரி நாச்சிக்குப் போட்ட மாலை

கீரி நாச்சிக்கு அநியாயம் நடந்தது. அதுவும் மாலை போட்டு நடந்தது!

பிறந்ததிலிருந்தே அவளுக்கு மூன்று கால்தான். அந்த மூன்றை வைத்துக்கொண்டு காடு முழுக்க ஓடுவாள். ஒரு கணுக்காலைக் கவ்வினால் லேசில் விடமாட்டாள். ஆனால் குளக்கரையில் கபடி என்றால் மட்டும் அவளுக்கு இடம் பாறைமேல்!

அணித்தலைவன் கரடி மொக்கையன். நல்லவன்தான். அதுதான் தொல்லையே! “நொண்டுகிறவர்கள் பாவம். அவர்களுக்கு மாலை போட்டுப் பாறைமேல் உட்காரவைக்க வேண்டும்” என்று சட்டம் போட்டதே அவன்தான். மாலைப் பொறுப்பு குரங்கு வெள்ளையனுக்கு.

அன்று அக்கரை நரிகளோடு போட்டி. நாச்சி முதல் ஆளாய் வந்து நின்றாள்.

“அண்ணே, நான் எந்தப் பக்கம் நிக்கணும்?”

“பாறைப் பக்கம் போ தாயி! உனக்கு ஏன் இந்தச் சிரமம்?”

“சிரமம்னு நான் சொன்னேனா?”

அதற்குள் வெள்ளையன் மாலையைப் போட்டுவிட்டான். “நீ எங்களுக்கெல்லாம் ஒரு முன்னுதாரணம்!”

“எதுக்கு? உட்கார்றதுக்கா?”

எல்லாரும் கைதட்டினார்கள்.

மொக்கையன் தொடையைத் தட்டிக்கொண்டு களத்தில் குதித்தான். குதித்த இடத்தில் கருவேல முள்! “ஆ!” என்று ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நொண்டினான்.

நாச்சியின் கண் பளிச்சென்றது.

“ஐயையோ! அண்ணன் நொண்டுறாரு! சட்டம் என்ன சொல்லுது வெள்ளையா?”

சட்டம் என்று காதில் விழுந்தால் வெள்ளையனுக்கு வேறு யோசனையே ஓடாது. ஆள் சேர்த்து மொக்கையனைத் தூக்கிப் பாறைமேல் வைத்தான். கழுத்தில் மாலை விழுந்தது. யாரோ வாயில் வாழைப்பழத்தைத் திணித்தார்கள்.

“டேய், சின்ன முள்ளுடா! இறக்குங்கடா என்னை!”

“உணர்ச்சிவசப்படாதீங்கண்ணே. நீங்க ஒரு முன்னுதாரணம்!”

“எனக்கு ஆடணும்டா!”

“பாவம், இன்னும் ஆசை விடல பாருங்க” என்று ஆமை கண்ணைத் துடைத்துக்கொண்டது.

நரிகள் கோட்டருகே வந்து நின்று இளித்தன. மொக்கையனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“முடியுமா முடியாதான்னு என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களாடா?”

நாச்சி அவன் பக்கத்தில் தாவி உட்கார்ந்தாள். “இன்னொரு பழம் தரச் சொல்லட்டுமாண்ணே?”

மொக்கையன் அவளைப் பார்த்தான். அவள் கழுத்து மாலையைப் பார்த்தான். தன் மாலையையும் பார்த்தான்.

நாச்சி குனிந்து, பல்லால் முள்ளை ஒரே இழுப்பில் பிடுங்கித் துப்பினாள்.

“வலிக்குதாண்ணே?”

“முள்ளு வலிக்கல தாயி.”

“அப்ப சொல்லுங்க. நான் எந்தப் பக்கம்?”

மொக்கையன் இரண்டு மாலைகளையும் கழற்றி வெள்ளையன் கழுத்தில் மாட்டிவிட்டுச் சொன்னான்: “என் பக்கம் நில்லு! ஒருத்தரால என்ன முடியும்னு அவங்களைக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும், அவங்க காலை எண்ணிப் பார்த்து இல்ல!”