போர்மேன் வாய் திறக்கவில்லை

தீர்ப்புச் சொல்ல எல்லாருக்கும் நாக்கு துடிக்கும். கொஞ்சம் அடக்கிக்கொண்டு முழுசாகக் கேளுங்கள். உங்கள் நியாயத்தைப் பிறகு பார்ப்போம்.

செண்பகவடிவு ஒரு மின் விநியோகக் கம்பெனியின் நிர்வாக இயக்குநர். சும்மா கிடைத்த நாற்காலி இல்லை அது. முதலில் கம்பமும் கம்பியுமாக அலைந்த இன்ஜினியர். பிறகு சட்டம் படித்து, மின்சார வழக்குகளில் வாதாடிய வக்கீல். அதற்கும் பிறகு அரசாங்கத்துக்கு மின்கொள்கை எழுதிக் கொடுத்தவள். புயல் அடித்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் முதல் மின்சாரம் என்ற விதியே அவள் எழுதியது.

புயல் ஓய்ந்த மறுநாள் மத்தியானம். கடலோரத் துணைமின் நிலையத்தில் அவள் நின்றிருந்தாள். ஆஸ்பத்திரி லைன் அறுந்துபோக, போர்மேன் சவரிமுத்து 'லைன் கிளியர்', அதாவது கரண்ட் நிறுத்திய லைனில் வேலை செய்யும் அனுமதி, வாங்கிக்கொண்டு ஆட்களோடு போயிருந்தார். அந்தத் தொழிலில் அது சத்தியம் மாதிரி. வாங்கியவரே வந்து, ஆட்கள் இறங்கிவிட்டார்கள் என்று திருப்பிக் கொடுக்கும்வரை யாரும் சுவிட்சைத் தொடக் கூடாது.

அந்தச் சவரிமுத்து வேலை நடந்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். இப்போது அதே ஆஸ்பத்திரியில், நினைவில்லாமல், மூச்சுக் கருவியில்.

டாக்டர் போனில் வந்தார். "ஜெனரேட்டர் திணறுது மேடம். நின்னுட்டா மூச்சுக் கருவியில இருக்குற எல்லாருக்கும் கையாலதான் காத்தை பம்ப் பண்ணணும். எவ்வளவு நேரம் தாங்கும்னு தெரியல."

போர்மேனைச் சேர்த்துவிட்டு ஓடிவந்திருந்த லைன்மேன் பூவராகன் அழாத குறை. "கம்பி கட்டியாச்சு மேடம். அண்ணனைத் தூக்க எல்லாரும் எறங்கிட்டாங்க, என் கண்ணால பார்த்தேன். வண்டியில ஏத்தும்போதுகூட அடுத்த கம்பத்துல கட்டு லூசா இருக்குன்னுதான் மொனகினாரு. கரண்ட்டை விடுங்க மேடம், அண்ணன் பொழைக்கணும்."

லைன் வேலை நடந்த பக்கம் யாரையும் போனில் கூப்பிட வழியில்லை. அங்கே செல்போன் கோபுரங்கள் சாய்ந்து கிடந்தன. நேரில் போகலாம் என்றால் வாய்க்கால் உடைத்துக்கொண்டதால் ஊரைச் சுற்ற வேண்டும்.

ஆபரேட்டர் கனகசபை சுவிட்சை மறைத்துக்கொண்டு நின்றார். "நீங்க சொன்னா போடுறேன் மேடம். எரியப்போறது பல்பா, ஆளான்னு மட்டும் சொல்லிட்டுச் சொல்லுங்க."

செண்பகவடிவுக்குள் மூன்று பேர் மல்லுக்கு நின்றார்கள். கொள்கை எழுதியவள், ஆஸ்பத்திரிதான் முதலில், போடு என்றாள். வக்கீல், கண்ணால் கண்ட சாட்சி இருக்கிறது, நாளைக்கு எந்தக் கோர்ட்டும் உன்னைத் தொடாது, போடு என்றாள். பழைய இன்ஜினியர் மட்டும், வாங்கியவர் வாய் திறக்கவில்லையே, போடாதே என்றாள்.

இப்போது சொல்லுங்கள். இந்த மூவரில் யார் சொன்னது சரி?

விடை: இன்ஜினியர் சொன்னதுதான். பூவராகன் பொய் சொல்லவில்லை. ஆனால் அவன் பார்த்தது அவன் கிளம்பிய நேரம்வரைதான். ஆட்கள் இறங்கியது போர்மேனைத் தூக்கத்தானே தவிர, வேலை முடிந்து இல்லை. சாகக் கிடக்கிறவர் அடுத்த கம்பத்தைச் சொல்லிவிட்டுப் போனால் கூட இருந்தவன் கையைக் கட்டிக்கொண்டா நிற்பான்? லைன் கிளியர் இருக்கிற தைரியத்தில் ஏறத்தான் செய்வான். செண்பகவடிவு டாக்டரைக் கையால் பம்ப் செய்யச் சொல்லிவிட்டு, பூவராகனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு பறந்தாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் எப்படியோ தாக்குப்பிடித்தார்கள். அங்கே, அடுத்த கம்பத்தின் உச்சியில், கம்பியைப் பிடித்தபடி இரண்டு பேர். ஜீப் சத்தம் கேட்டு ஒருவன் குனிந்து கேட்டான்: "அண்ணன் கண்ணு முழிச்சாரா?"