நூலைத் தொட்டுப் பார்த்த நெருடி

குளக்கரை மாமரத்தில் செவ்வெறும்புகள் இலைகளைத் தைத்துக் கூடு கட்டியிருந்தன. அந்தக் கூட்டுக் குஞ்சுகள் மேல் ஒரு சிலந்திக்குக் கண். அது எறும்பு வேஷம் போட்டு வரும். குஞ்சைத் தூக்கும். மாட்டிக்கொண்டால் தன் நூலைப் பிடித்துத் தொங்கித் தப்பிவிடும்!

வாசல் காவலன் பவளன் கெட்டிக்காரன்தான். ஆனால் சிலந்தியின் ஒவ்வொரு புது வேஷத்தையும் ஒரு குஞ்சு பறிபோன பிறகே கண்டுபிடித்தான். குஞ்சுகளை வளர்க்கும் தளிரிக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

"நாளைக்கு அது எப்படி வரும்னே தெரியாதே! யாரைக் காவலுக்கு வைக்கிறது?" என்று அழுதாள்.

"இதென்ன கேள்வி அக்கா! அதிக தடவை பிடிச்சது நான்தானே!" என்றான் பவளன்.

"எதை வச்சுப் பிடிச்சே தம்பி?"

"முதல்ல நிறத்தை வச்சு. அதை மாத்திடுச்சு. அப்புறம் வாசனையை வச்சு. அதையும் மாத்திடுச்சு. பிறகு நடையை வச்சு..."

சொல்லச் சொல்ல அவன் குரல் இறங்கிவிட்டது.

தளிரி இன்னொரு காவல்காரி நெருடியிடம் திரும்பினாள். வருகிறவர்களின் பின்பக்கத்தையெல்லாம் தடவிப் பார்ப்பதால் கூடே அவளைக் கேலி செய்யும். சிலந்தியை அவள் பிடித்தது ஒரே ஒரு தடவைதான்.

"நீ எதை வச்சும்மா பிடிச்சே?"

"பின்னால ஒட்டியிருந்த நூலை வச்சுக்கா."

"அதையும் மாத்திட்டா?" என்று பவளன் குறுக்கிட்டான்.

"எப்படிடா மாத்தும்? நூல் இல்லாம வந்தா உன்கிட்டேயிருந்து தப்பவே முடியாதே!" என்றாள் தளிரி. "நிறம் அதுக்குச் சட்டை. நூல்தான் உயிர். நாளைக்கு வாசல்ல நெருடி நிக்கட்டும்."

பவளனுக்கு வலித்தது. ஆனாலும் நெருடியிடம், "நீ முன்னால நில்லு. நான் உன் பின்னால நிக்கிறேன்" என்றான்.

மறுநாள் ஒரு எறும்பு வந்தது. நிறம், வாசனை, நடை எல்லாம் அச்சு அசலாகப் பவளனேதான்! பவளனே அசந்து வழிவிடப் போனான்.

நெருடி அதன் பின்பக்கத்தைத் தடவினாள். நூல்! ஒரே கடியில் அறுத்தாள். பவளன் ஓங்கி ஒரு தள்ளு தள்ளினான். தொங்க நூல் இல்லாமல் சிலந்தி குளத்தில் 'தொப்'பென்று விழுந்தது.

தளிரி உள்ளே ஓடிப் பார்த்தாள். ஒரு குஞ்சும் குறையவில்லை. அவளுக்கு மறுபடியும் அழுகை வந்தது.

அன்று மாலை இரை தேடிவிட்டுத் திரும்பிய பவளன், வாசலில் தானாகவே திரும்பி நின்று முதுகைக் காட்டினான்.

"முதல்ல என்னைத் தடவிப் பாரு நெருடி!"

நாளை நம்மைக் காப்பவர் யார் என்று அறிய வேண்டுமானால், நேற்று எத்தனை முறை வென்றார் என்று கேட்காதீர்கள். பகைவனால் மாற்றிக்கொள்ள முடியாத எதைப் பிடித்து வென்றார் என்று கேளுங்கள்.