மதகு வரை

எங்கள் சாமிக்கு உட்கார்ந்து பேசத் தெரியாது. சாயங்காலமானால் ஏரிக்கரை மேல் மதகு வரைக்கும் நடப்பார், திரும்புவார். கேள்வி இருப்பவர் கூடவே நடக்கலாம். போகும்போது கேள்வியைக் கேட்டுவிட வேண்டும். மதகைத் தொட்டுத் திரும்பின பிறகுதான் பதில். அவருடைய குரு காலத்திலிருந்தே இதுதான் வழக்கம்.

மற்றவர்கள் பின்னால் வரலாம், ஆனால் வாய் திறக்கக் கூடாது. ஆசிரமத்தில் சமையல் என் பொறுப்பு. வாயை மூடிக்கொண்டு நடப்பது எனக்கு எவ்வளவு பெரிய தவம் என்பது என்னோடு பழகியவர்களுக்குத் தெரியும்.

மங்கையர்க்கரசி டீச்சர் தை மாதம் வந்து சேர்ந்தார். சாமியைவிட நிறைய வயது மூத்தவர். ஆரணிப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்தவர். மைதானத்தில் கத்திக் கத்தியே குரல் கரகரத்துப் போயிருந்தது.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று வாயில் நுழையாத ஒரு வியாதி அவருக்கு. நரம்பு மேல் இருக்கிற உறை அங்கங்கே அரித்துப் போகுமாம்.

"நடன்னு மூளை சொல்லுது. காலுக்குப் போய்ச் சேர மாட்டேங்குது," என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஒரு நாள் நன்றாக நடப்பார். மறுநாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வெயில் ஏறினால் கால் துவண்டுவிடும். குணமாகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உட்கார்ந்தே இருக்காதீர்கள், முடிந்த அளவு தினமும் நடமாடுங்கள் என்றும் சொல்லியிருந்தார்.

டீச்சரிடம் ஒரு கேள்வி இருந்தது. அதைக் கேட்க சாமியோடு கிளம்பிய முதல் நாளே பாதிக் கரையில் கால் மடங்கிவிட்டது. கேள்வி வாயைவிட்டு வரவேயில்லை. கைத்தாங்கலாகக் கூட்டி வந்து படுக்க வைத்தோம்.

அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தார் பாருங்கள்! பகலெல்லாம் அசையாமல் உட்கார்ந்திருந்து, இருக்கிற தெம்பை எல்லாம் சாயங்காலத்துக்குச் சேர்த்து வைப்பது. சாப்பாட்டை நாங்கள் அவர் அறைக்கே கொண்டு போக வேண்டும். குடிக்கத் தண்ணீரும் அங்கேயே கொண்டு போக வேண்டும். முன்பெல்லாம் சமையல்கட்டுக்கு வந்து கீரை ஆய்வார், என்னை வம்புக்கு இழுப்பார். அதுவும் நின்றது.

"டாக்டர் நடமாடச் சொன்னாரே டீச்சர்?"

"நடக்கத்தானே போறேன். சாயங்காலம்."

"என்ன பிடிவாதமோ போங்க."

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவருடைய மகள் நித்திலா ஓசூரிலிருந்து வந்தாள். ஏழு மாதம். வயிற்றைத் தூக்கிக்கொண்டு பஸ் மாறி மாறி வந்திருக்கிறாள். மத்தியானம் வரைக்கும் அம்மாவின் காலைப் பிடித்துவிட்டாள். கிளம்பும்போது கேட்டாள்.

"கேட் வரைக்கும் வர்றியாம்மா?"

"இங்கேருந்தே அனுப்பிடறேன் கண்ணு. பார்த்துப் போ."

அறைக்கும் கேட்டுக்கும் நடுவில் ஒரு வேப்பமரம்தான். அன்றைக்குக் கால் நன்றாகவும் இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. பையை வாங்கிக்கொண்டு நானே கூடப் போனேன்.

"ஸ்கூல் பஸ் ஏத்தாம எங்கம்மா என்னை ஒரு நாளும் விட்டதில்லக்கா," என்றாள் அந்தப் பெண். திரும்பித் திரும்பி அறையைப் பார்த்துக்கொண்டே போனாள்.

சாயங்காலம் டீச்சர் கிளம்பினார். கைத்தடியை ஊன்றி, முதுகு நிமிர்ந்து, ஒரு தடவைகூட நிற்காமல் நடந்தார். பின்னால் போன எனக்கே கோபம் போய், கடவுளே, இன்றைக்காவது மதகைத் தொட்டுவிடட்டும் என்று இருந்தது.

பாதிக் கரையில் கேட்டார். "சாமி, இந்தக் கால் போகப்போகுது. ஓடுறதும் பிள்ளைங்களை ஓட வைக்கிறதும்தான் என் பொழப்பு. வேற எதுவும் எனக்குத் தெரியாது. நடையும் போனப்புறம் நான் எதுக்கு சாமி?"

சாமி தலையாட்டினார். இருவரும் மதகுக்குப் போனார்கள். டீச்சர் மதகுச் சுவரைக் கையால் தொட்டார். முகமெல்லாம் வியர்வை, ஆனால் சிரித்தார்.

திரும்பினார். கால் எழவில்லை. இன்னொரு முறை முயன்றார். அப்படியே மண்டி போட்டு விழுந்தார்.

ஓடிப் போய்த் தூக்கினேன். சாமியும் ஒரு பக்கம் பிடித்தார். நிறுத்த முடியவில்லை. இரண்டு காலும் ஈரத்துணியாகக் கிடந்தன. சுவரில் சாய்த்து உட்கார வைத்தோம்.

"ஆட்டோவுக்குப் போன் பண்றேன் சாமி," என்றேன். வழக்கமாவது ஒன்றாவது!

"பண்ணுங்க."

"பதிலைச் சொல்லுங்க சாமி," என்றார் டீச்சர்.

"திரும்பும்போதுதானேம்மா."

"திரும்ப எனக்குக் கால் இல்ல!"

ஏரி முழுக்கக் கேட்டிருக்கும். அதற்குப் பிறகு குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும் அழுதேன்.

சாமி சேற்றில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் அந்தக் கரையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"பொண்ணு வந்திருந்தாங்களா?"

"வந்தா. ஏழு மாசம்."

"கேட் வரைக்கும் போனீங்களா?"

டீச்சர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "போனா சாயங்காலத்துக்குக் கால் இருக்காதேன்னு..."

சாமி என்னைப் பார்த்தார். "அந்தப் பொண்ணு திரும்பிப் பார்த்தாங்களா?"

"பார்த்தா சாமி. ரோடு திரும்புற வரைக்கும் பார்த்தா."

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அடுத்த தடவை அவ வரும்போது எனக்குக் கேட் வரைக்கும் நடை இருக்குமா சாமி?"

"தெரியாதும்மா."

"அப்ப பதிலையாவது குடுங்க. எல்லாத்தையும் விட்டுட்டு இதுக்குத்தானே சேர்த்து வெச்சேன்!"

தூரத்தில் ஆட்டோ கரை ஏறுகிற சத்தம் கேட்டது. சாமி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கிட்டப் பதில் இல்லம்மா," என்றார். "திரும்பி நடந்திருந்தா, ஏதாவது சொல்லித் தப்பிச்சிருப்பேன்."