ஏழாவது அடிக்கு ஒரு கல்

1891 மே மாதம், ஒரு சனிக்கிழமை காலை ஆறரை மணி. ஆறடி உயரக் கரையை ஏழடியாக்க ஆசி வேண்டி மலையேறினார் ரூட்டன் கிராமத் தலைவர் கெபார்ட். முதுகில் சாக்குப்பை. பைக்குள் ஒரு கல்.

ஆல்ப்ஸ் மலைகளுக்குள் ஒடுங்கிய சிறிய நாடு அது. நீளவாக்கில் ஒரே நாளில் நடந்து கடந்துவிடலாம். அதன் மேற்கு எல்லை லோர்சா ஆறு. இந்தப் பக்கம் ரூட்டன். அந்தப் பக்கம், வேறு நாட்டில், சால்வன். பனி உருகும் காலத்தில் ஆறு மலையிலிருந்து கல்லையும் மண்ணையும் உருட்டி வந்து தன் படுகையிலேயே போடும். படுகை உயரும். ரூட்டன்காரர்கள் தங்கள் கரையை ஓர் அடி உயர்த்துவார்கள். உடனே சால்வன்காரர்களும் உயர்த்துவார்கள். எந்தக் கரை பலவீனமோ அந்த ஊருக்குள் வெள்ளம் போகும்.

புதிய வரிசையின் முதல் கல்லை ஆற்றின் நடுத்திட்டிலிருந்து எடுப்பார்கள். மலைமேல் சிற்றாலயத்தில் வசிக்கும் துறவி அதற்கு ஆசி தர வேண்டும். ஆசி பெற்ற கல் மனிதர் முதுகில்தான் கீழே இறங்க வேண்டும். இவ்வளவும் நடக்காமல் ஒருவரும் இரண்டாவது கல்லைத் தொட மாட்டார்கள்.

துறவி ஒரு பெண்; பெயர் வால்புர்கா. வயது நாற்பத்தைந்து. ஒரு மடத்தின் சமையல்கட்டில் இருந்துவிட்டு மலைக்கு வந்தவர். கெபார்டுக்கு அறுபத்தொன்று. மனைவி இறந்தபின் ஜெபம் செய்யக் கற்றுக்கொள்ள அவரிடம் வந்தவர் பதினோரு வருடமாக வந்துகொண்டிருந்தார். கீழே தலைவர். மேலே மாணவர்.

வால்புர்கா ஆலயத்தின் வெளியே விறகு பிளந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"மூச்சு இரைக்கிறது, தலைவரே. ஊர்க் கூட்டங்களில் தின்ற வெண்ணெய்."

"கல்லின் கனம், அம்மா."

"போன முறையும் இதையே சொன்னீர்கள். அப்போது இடுப்பில் இரண்டு அங்குலம் குறைவாக இருந்தது."

கெபார்ட் சிரித்தார். பையை இறக்கி வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்தார்.

"ஏழாவது அடி. ஊர் முடிவு செய்துவிட்டது."

"ஊர் முடிவு செய்தது. நீங்கள்?"

"அதைக் கேட்கத்தான் வந்தேன்."

"கல்லோடா கேட்க வந்தீர்கள்?"

வால்புர்கா கோடரியை மரக்கட்டையில் இறக்கிவிட்டு நிமிர்ந்தார்.

"கேளுங்கள்."

"நாங்கள் ஏழடி எழுப்பினால் தண்ணீர் சால்வனுக்குப் போகும். எழுப்பாவிட்டால் எங்களுக்குள் வரும். என் மகள் ஒத்திலியா சால்வனில் வாழ்க்கைப்பட்டவள். எழுப்புவது பாவமா?"

வால்புர்கா அவரைப் பாறை விளிம்புக்கு அழைத்துப்போனார். கீழே பள்ளத்தாக்கு முழுவதும் தெரிந்தது.

"என்ன தெரிகிறது?"

"ஆறு."

"ஆற்றைவிடத் தாழ்வாக?"

கெபார்ட் உற்றுப் பார்த்தார். "எங்கள் கூரைகள்."

"அந்தப் பக்கம்?"

"அவர்கள் கூரைகள்."

"கரையை ஒட்டி முதலில் இருப்பது யார் வீடு?"

"ஒத்திலியாவின் வீடு." கெபார்ட் விளிம்பிலிருந்து திரும்பினார். "நான் கேட்டதற்கு இது பதில் இல்லையே, அம்மா."

"நீங்கள் கேட்டது என்னிடம் கேட்க வேண்டிய கேள்வியும் இல்லை. கல்லைக் கொடுங்கள்."

வால்புர்கா கல்லோடு ஆலயத்துக்குள் போனார். முணுமுணுக்கும் குரல் கேட்டது. சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

"ஆயிற்று. உள்ளே இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள்."

கெபார்ட் உள்ளே போனார். போன வேகத்தில் வாசலுக்கு வந்தார்.

"உள்ளே இரண்டு கல் இருக்கிறது."

"ஆமாம்."

"இன்னொன்று யாருடையது?"

"சால்வனுடையது."

"அவர்களும் ஏழாவது அடி போடுகிறார்களா?"

"நீங்கள் போடப்போவதாகக் கேள்விப்பட்டார்களாம். நீங்கள் எதற்குப் போடுகிறீர்கள்?"

"அவர்கள் போடப்போவதாகக் கேள்விப்பட்டோம்."

வால்புர்கா பிளந்த விறகை அடுக்கத் தொடங்கினார்.

"யார் கொண்டுவந்தார்கள்?" என்றார் கெபார்ட்.

"சால்வனில் கரைக்கு முதல் வீட்டார்தான் கொண்டுவர வேண்டும். அது அவர்கள் வழக்கம்."

"ஒத்திலியாவா? இங்கேயா?"

"நேற்று. கழுதையில் கல்லை ஏற்றிக்கொண்டு வந்தாள். இறக்கிப்போக நாளைக்குக் கணவனை அனுப்புவாள். அவளால் சுமக்க முடியாது."

"ஏன்? உடம்புக்கு என்ன?"

"ஆறு மாதம்."

கெபார்ட் விறகுக்கட்டையின் மேல் உட்கார்ந்தார்.

"எனக்கு யாரும் சொல்லவில்லை."

"மூன்றாவது பிள்ளை. இரண்டாவதைப் பற்றிச் சொன்னார்களா?"

அவர் தலையை ஆட்டினார். அது ஆமாம் என்பதா இல்லை என்பதா என்று தெரியவில்லை.

"என்ன கேட்டாள்?"

"நீங்கள் கேட்டதையே. நாங்கள் எழுப்பினால் அப்பாவின் ஊர் போகும், எழுப்பாவிட்டால் என் பிள்ளைகள் போவார்கள், பாவமா என்று."

"என்ன சொன்னீர்கள்?"

"ரூட்டனுக்குப் படகில் கால் மணி நேரம், இங்கே ஏறி வர இரண்டு மணி நேரம், கிட்டத்தில் இருப்பவரிடம் கேள் என்றேன்."

"அதற்கு?"

"போன முறை நான் போனேன், இந்த முறை அவர் வரட்டும் என்றாள்."

கெபார்டின் முகம் சிவந்தது. "ஆறாவது அடி போட்ட வருடம். கரைக்குழுக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. அந்தக் கரையிலிருந்து வந்தவளைப் பாதிக் கூட்டத்தில் உள்ளே விட முடியுமா? இரு என்றேன். இருக்கவில்லை."

"மாலை வரை இருந்தாளாம். முற்றத்தில் கட்டியிருந்த குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டினார்களாம். அவளிடம் வேண்டுமா என்று ஒருவரும் கேட்கவில்லையாம்."

"நான் பார்க்கவில்லை."

"அதையும் சொன்னாள். ஜன்னல் வழியாக ஒரு முறை பார்த்தார், பிறகு பார்க்கவில்லை என்று."

காற்று சால்வன் தேவாலயத்தின் மணியோசையைக் கொண்டுவந்தது. ஒன்பது அடித்தது. பின்னாலேயே ரூட்டனும் ஒன்பது அடித்தது.

கெபார்ட் எழுந்து நின்றார். குரல் உயர்ந்திருந்தது.

"நீங்கள் இருவருக்கும் ஆசி கொடுத்திருக்கக் கூடாது. யாராவது ஒருவருக்கு மறுத்திருக்கலாம். இருவருக்குமே மறுத்திருக்கலாம்."

"எனக்கு முன்பிருந்தவருக்கும் முந்திய துறவி மறுத்தார்."

"அவர் ஊரோடு சண்டை போட்டதாகக் கேள்வி."

"சண்டை ஒன்றும் இல்லை. ரூட்டன் ரொட்டி அனுப்புவதை நிறுத்தியது. அதே வாரம் சால்வனும் நிறுத்தியது. அந்த ஒரு காரியத்தில்தான் இரண்டு ஊருக்கும் ஒற்றுமை. பனி உருகியபின் ஏறி வந்து அவரைப் புதைத்தார்கள். அடுத்து வந்தவர் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை."

"அப்படியானால் நீங்கள் எனக்குக் கற்றுக்கொடுத்ததெல்லாம்?"

"உங்கள் ஊர் ரொட்டியைத் தின்றுவிட்டுக் கற்றுக்கொடுத்தேன். அவ்வளவுதான் தேறும்."

வால்புர்கா கடைசி விறகை அடுக்கிவிட்டுக் கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டார். பிறகு கெபார்டின் பக்கத்தில் வந்து நின்றார். இந்த முறை குரலில் கேலி இல்லை.

"கெபார்ட், படகு மாலை வரை ஓடுகிறது. வெறுங்கையோடு இறங்குங்கள். நேராகத் துறைக்குப் போங்கள். அவள் வாசலில் நில்லுங்கள். அவள் இரு என்றால் இருங்கள்."

"போய் என்ன சொல்ல?"

"இரு ஊரும் ஆறடியோடு நிறுத்துவோம் என்று சொல்லுங்கள். அவள் மாமனார்தான் அங்கே கரைக்குழுத் தலைவர். நீங்கள் இங்கே தலைவர். வேறு யார் வர வேண்டும்?"

கெபார்ட் பள்ளத்தாக்கைப் பார்த்தார். ஆற்றின் நடுவே படகு ஒரு கறுப்புப் புள்ளியாக எதிர்க்கரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"கீழே நாற்பது பேர் மண்வெட்டியோடு காத்திருக்கிறார்கள்," என்றார். "கல் இல்லாமல் இறங்கினால் என்ன சொல்வார்கள் தெரியுமா? மகளுக்காக ஊரை விற்றான் என்பார்கள். வரும் இலையுதிர் காலத்தில் தேர்தல்."

"சொல்வார்கள்தான்."

"சால்வன்காரர்கள் ஒத்துக்கொண்டு கைகுலுக்குவார்கள். அப்புறம் ரகசியமாக அரை அடி ஏற்றுவார்கள். அவர்களை எனக்குத் தெரியும்."

"உங்களையும் அவர்களுக்குத் தெரியும்."

"அப்புறம் எப்படிப் போவது?"

வால்புர்கா கோடரியை மரக்கட்டையிலிருந்து பிடுங்கினார்.

கெபார்ட் சாக்குப்பையை எடுத்து உதறினார். ஆலயத்துக்குள் போனார். பீடத்தின் முன்னால் இரண்டு கற்களும் அருகருகே கிடந்தன. இரண்டும் ஒரே திட்டிலிருந்து வந்தவை. ஒரே சாம்பல் நிறம், ஒரே உருண்டை. ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். கீழே வைத்துவிட்டு மற்றதைத் தூக்கினார். மறுபடி முதல் கல்லைத் தூக்கினார்.

"அம்மா," என்று உள்ளிருந்தபடியே கூப்பிட்டார். "இதில் எது என்னுடையது?"

"தெரியாது. ஆசி கொடுக்கும்போது நான் கண்ணை மூடிக்கொள்வது வழக்கம்."

அந்தக் கோடை முடியுமுன் இரு கரைகளும் ஏழடி ஆயின. இலையுதிர் காலத்தில் கெபார்ட் மீண்டும் தலைவரானார்.

1893 செப்டம்பர் 14, வியாழக்கிழமை, காலை பத்தரை மணிக்கு ரூட்டன் கரையில் வெள்ளத்தின் மட்டம் திடீரென்று இரண்டடி இறங்கியது. எதிர்க்கரை உடைந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். சால்வனில் பத்தொன்பது பேர் இறந்தார்கள். உடைப்பு கரையை ஒட்டிய முதல் வீட்டுக்கு நேர் பின்னால் என்ற செய்தி ரூட்டனுக்கு வர மாலை ஆனது. அதற்குள் தலைவரின் உத்தரவுப்படி, ஊர் தப்பியதற்கு நன்றி மணி அடித்து முடித்திருந்தார்கள்.