முழங்காலுக்குக் கீழே

நீலகிரியில் ஒரு பனிக்காலம். உறைபனி புல்லையெல்லாம் கருக்கிப் போட்டது. காட்டை ஒட்டிக் கேரட் போட்டிருந்த ஹாலனுக்குக் கவலை. பசித்த கடமான் சும்மா இருக்குமா? ஆனால் ஆள் கெட்டிக்காரன். ஓடைக்கரை ஈரத்தில் மான்களுக்கென்றே க்ளோவர் என்ற தீவனச்செடியை விதைத்திருந்தான். பாதி சிவப்புப்பூ ரகம், பாதி வெள்ளைப்பூ ரகம்.

சிவப்பி இடுப்புயரம் வளர்ந்து நின்றாள். வெள்ளைச்சி தரையோடு படர்ந்து கிடந்தாள்.

"ஏண்டி, விருந்தாளி வந்தா உன்னைத் தடவித்தான் கண்டுபிடிக்கணுமா?" என்று சிவப்பி சீண்டுவாள். வரப்பில் கிடந்த அரிவாளையும் விடமாட்டாள். "உனக்கு இங்க என்ன வேலை? போய்த் துருப்பிடி!"

ஒரு விடியலில் குட்டியோடு தாய்மான் ஒன்று வந்தது. மடி வற்றியிருந்தது, குட்டி முட்டிமுட்டி ஓய்ந்திருந்தது. சிவப்பி தழையை ஆட்டி ஆட்டி அழைத்தாள். தாய்மானோ அவளைச் சுற்றிக்கொண்டு போய் வெள்ளைச்சியைத் தின்றது. தினமும் அதே கதை. கடைசியில் வெள்ளைச்சி மொட்டையாகிவிட்டாள். மடியில் அப்போதுதான் பால் ஊறத் தொடங்கியிருந்தது. தாய்மான் கேரட் தோட்டத்து மின்வேலியைத் திரும்பிப் பார்த்தது.

வெள்ளைச்சி பதறிப்போனாள். "அக்கா, நான் துளிர்க்க நாளாகும். அவ வேலிக்குப் போனா செத்துருவா. உன்னை ஏன் தின்னலன்னு நீ கேளு!"

"ஏம்மா, எங்கிட்ட என்ன குறை? கசக்குறேனா?" என்று சிவப்பி கேட்டாள்.

"உன் வாசத்துக்கே நாக்கு ஊறுது, தாயி. ஆனா உனக்குள்ள குனிஞ்சா எனக்குக் காடு தெரியல. போன வருஷம் இப்படித்தான் உயரப் புல்லுல மேஞ்சேன். நிமிர்ந்து பார்த்தா மூத்த குட்டியைக் காணோம். சிறுத்தை கொண்டுபோயிருச்சு."

சிவப்பிக்கு அப்போதுதான் புரிந்தது. எதைக் காட்டி இத்தனை நாள் மினுக்கினாளோ, அதுவே விருந்தாளியை விரட்டியிருக்கிறது.

அந்நேரம் ஹாலன் வரும் சத்தம் கேட்டு மான்கள் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கின. குளம்புத் தடமெல்லாம் சிவப்பியைச் சுற்றிச் சுற்றிப் போயிருப்பதை அவன் பார்த்தான். யோசித்தபடி அரிவாளைக் கையில் எடுத்தான்.

"அரிவாளண்ணே, நான் பேசினதை மனசுல வெச்சுக்காதே. என்னை வெட்டு" என்றாள் சிவப்பி.

அரிவாளுக்கே இரக்கமாக இருந்தது. "எதுவரைக்கும்மா?"

"அவ முழங்காலுக்குக் கீழே. குட்டியோட முதுகு அவளுக்குத் தெரியணும்."

மறுநாள் விடியலில் தாய்மான் தயங்கித் தயங்கி சிவப்பிக்குள் கால் வைத்தது. ஒரு வாய் தின்றுவிட்டு நிமிர்ந்தது. காடு முழுக்கத் தெரிந்தது. மறுபடி குனிந்தது. குட்டி வயிற்றடியில் புகுந்து பால் குடிக்கத் தொடங்கியது.

"என்னக்கா, நீயும் என்னை மாதிரி குட்டையாயிட்டே?" என்று வெள்ளைச்சி சிரித்தாள்.

"சத்தம் போடாதேடி," என்றாள் சிவப்பி. "அவ சாப்பிடுறா."