பலகையில் இல்லாத படம்

அருளப்பன் சார் கேட்ட ஒரு கேள்விக்கு ஜைத்தூன் டீச்சர் என் உப்புமாவைத்தான் பதிலாக் கொடுத்தாங்க. அந்தப் பதில் அவருக்கும் புரியல, ஆக்கிப் போட்ட எனக்கும் புரியல.

திருநெல்வேலிப் பக்கம், பேசவும் நடக்கவும் சிரமப்படுத பிள்ளைகளுக்கான பயிற்சி மையம் எங்களோடது. தாய்மாரும் கூடவே வந்து படிச்சுக்கிடுவாங்க. நான் அங்க சமைக்கேன். டீச்சருக்கு முப்பத்தஞ்சு வயசுகூட இருக்காது. அருளப்பன் சார் ஹெட்மாஸ்டரா இருந்து ரிட்டையர் ஆனவரு. "எனக்கும் இந்த வேலையைச் சொல்லிக் குடுங்க டீச்சர்"னு அவராத்தான் வந்து சேந்தாரு. தலை நரைச்ச மனுசன் மக வயசுப் பொம்பளைகிட்ட கையைக் கட்டிக்கிட்டு நிக்கதைப் பாத்து ஆரம்பத்துல எனக்குச் சிரிப்புத் தாங்காது.

இசக்கின்னு ஒரு பையன், ஒம்போது வயசு. பேச்சு வராது. தலை அது பாட்டுக்கு ஆடிக்கிட்டே இருக்கும். அதனால ஆமாங்குதானா இல்லைங்குதானான்னு பெத்தவளுக்கே தெரியாது. வலது கை மட்டும் கொஞ்சம் அவன் சொன்னபடி கேக்கும். சார் அவனுக்குன்னு ஒரு படப்பலகை செஞ்சாரு. தண்ணி, சோறு, கக்கூஸ், தூக்கம், பந்து, வலி, அம்மா. எந்தப் படத்துல கையை வைக்கானோ அதைக் கொடுக்கணும். லேமினேசன் போட்டு, ஓரமெல்லாம் வழவழன்னு தேச்சு, அவ்வளவு ஆசையாச் செஞ்சிருந்தாரு.

அந்தப் பய அதைத் தொடவே மாட்டான். மடியில வச்சா தள்ளி விட்டுருவான்.

"ரொம்ப முரண்டு பிடிக்கான்," அப்படிம்பாரு சார்.

தொடலன்னாக்கூடப் பரவாயில்ல. கடிப்பான். அவன் அம்மா மாடத்தி பீடி சுத்துதவ. ஊட்டி விடும்போது அவ விரலைப் பிடிச்சுக் கடிச்சிருவான். விரல்ல காயத்தை வச்சுக்கிட்டு எப்படிப் பீடி சுத்த? சாயந்திரம் அவ புருசன் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையா பொண்டாட்டி கையைத்தான் விரிச்சுப் பாப்பாராம். தெனமும் ஒரு புதுக் காயம் இருக்கும்.

"கோயில் கொடைத் திருவிழா முடியவும் மதுரையில ஒரு ஹோம்ல கொண்டு விட்டுருவோம்னுட்டாரு," ஒரு நாள் மாடத்தி சொன்னா. "தெனமும் தூக்கிக்கிட்டுப் போறியே, என்னத்தப் படிச்சான்னு கேக்காரு. நான் என்ன பதில் சொல்ல?"

அவ அழல. அதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு.

சார் நேரா டீச்சர்கிட்டப் போனாரு.

"டீச்சர், பிள்ளைக்கு வேண்டியது எல்லாத்துக்கும் படம் போட்டாச்சு. தொட்டா கிடைக்கும். பெறகும் ஏன் இவன் பேச மாட்டேங்கான்?"

டீச்சர் பலகையில ஓட்டை போட்டு, கயிறு கோத்து, சார் கழுத்துல மாட்டி விட்டாங்க.

"நாளைக்குப் பொழுதன்னிக்கும் நீங்க இதுலதான் பேசணும் சார்."

"எழுதிக் காட்டலாமா?"

"கூடாது."

"தலையாட்டலாம்லா?"

"இசக்கி ஆட்டுத மாதிரி ஆட்டலாம்."

சார் என்னைப் பாத்தாரு. நான் அவரைப் பாத்தேன். டீச்சர் என் பக்கம் திரும்பி, "அக்கா, நாளைக்கு என்ன டிபன்?"னு கேட்டாங்க.

"உப்புமா."

"நல்லது," அப்படின்னுட்டுப் போயிட்டாங்க. சாருக்கு உப்புமா ஆகவே ஆகாதுங்கது மையத்துல எல்லாருக்கும் தெரியும்.

மறுநாள் சாரை இசக்கியோட நாற்காலிக்குப் பக்கத்துல உக்கார வச்சாங்க. வலது கை பலகை மேல, இடது கை மடியில. நான் உப்புமாவை ஊட்டி விடணுமாம். ஹெட்மாஸ்டருக்கு ஊட்டி விடதுக்கு எனக்குக் கூச்சம் பிடுங்கித் தின்னுச்சு. மரியாதைக்கு ரெண்டு வாய் வாங்கிக்கிட்டாரு. மூணாவது வாய்க்குத் தண்ணிப் படத்தைத் தொட்டாரு. தண்ணி கொடுத்தேன். குடிச்சாரு. மறுபடியும் கரண்டியை நீட்டினேன்.

தூக்கத்தைத் தொட்டாரு. பாவம், ராத்திரி சரியாத் தூங்கல போலன்னு பாயைக் கொண்டாந்து விரிச்சேன். படுக்கல. வலியைத் தொட்டாரு.

"எங்க சார் வலிக்கு?"

எங்கன்னு காட்டப் படம் இல்ல. நெத்தியில தைலத்தைத் தேச்சு விட்டேன். கண்ணுல தண்ணி வந்துட்டு. மறுபடியும் கரண்டி. கடைசியா அம்மாவைத் தொட்டாரு.

"ஐயோ பாவம், ஆத்தா நெனப்பு வந்துட்டு போல"ன்னேன்.

வாயை இறுக்க மூடிக்கிட்டாரு. பிள்ளைகளுக்குச் செய்யுத மாதிரியே கன்னத்தை லேசா அமுக்கி உள்ள தள்ளினேன். அவ்வளவுதான். கையை ஓங்கித் தட்டுல ஒரு அடி. உப்புமா சுவரெல்லாம் தெறிச்சுது.

டீச்சர் நிதானமாச் சொன்னாங்க:

"சார் இன்னைக்கு ரொம்ப முரண்டு பிடிக்காரு."

சார் கயித்தைக் கழட்டிக்கிட்டு எந்திரிச்சாரு. முகமெல்லாம் செவந்து போச்சு. "போதும் போதும்னு எத்தன தடவ சொல்ல டீச்சர்?"

"எங்க சார் சொன்னீங்க?"

பலகையை மேலயும் கீழயும் பாத்தாரு. சுவரைப் பாத்தாரு. பையை எடுத்துக்கிட்டு வீட்டுக்குக் கெளம்பிட்டாரு. எனக்கு ஒண்ணும் விளங்கல. சுவரைக் கழுவினதுதான் மிச்சம்.

அடுத்த நாள் காலையில ஒரு புதுப் படத்தோட வந்தாரு. தள்ளி விடுத மாதிரி ஒரு உள்ளங்கை. கீழ 'வேண்டாம்'னு எழுதியிருந்துச்சு. ஒட்டும்போதே அவருக்கு மனசு சரியில்ல.

"டீச்சர், இதை வச்சா எதுக்கெடுத்தாலும் வேண்டாம்னுருவானே?"

"சொல்லுவான்."

"பெறகு என்ன செய்ய?"

"கேட்டுக்கிடணும்."

மாடத்திக்கும் பிடிக்கல. "கடிக்கதுக்கு ஒரு வழி சொல்லுங்கன்னா, கையைப் படம் போட்டுக் கொண்டு வந்திருக்கீங்க," அப்படின்னு முணுமுணுத்தா.

முதல்ல சார் செஞ்சு காட்டினாரு. நான் கரண்டியை நீட்டினேன். அவரு உள்ளங்கைப் படத்துல கையை வச்சாரு. கரண்டியை எடுத்துட்டேன். மறுபடி நீட்டினேன், மறுபடி வச்சாரு, மறுபடி எடுத்துட்டேன். இசக்கி தலை ஆடிக்கிட்டே இருந்துச்சு, கண்ணு மட்டும் அந்தக் கரண்டியை விட்டு நகரல.

அப்புறம் மாடத்தி ரசஞ்சோத்தைப் பெசஞ்சு, விரலால எடுத்து அவன் உதட்டுகிட்டக் கொண்டு போனா.

இசக்கி கையைத் தூக்கினான். அது எங்கெங்கயோ அலைஞ்சு, தடுமாறி, உள்ளங்கைப் படத்து மேல தொப்புன்னு விழுந்துச்சு.

மாடத்தி கை நிக்கல. பழக்கம், சோறு வாய்க்குத்தான் போச்சு.

"எடுத்துருங்க," டீச்சர் சொன்னாங்க.

பல்லு படுததுக்குள்ள விரலை எடுத்துட்டா. இசக்கி, சோறு வெலகிப் போறதையே பாத்தான். தொண்டையில இருந்து ஒரு சத்தம் வந்துச்சு. சிரிக்கானா அழுவுதானான்னு தெரியல.

அப்புறம் அந்தப் படத்தையே பிடிச்சுக்கிட்டான். தண்ணி கொடுத்தா வேண்டாம். பந்து வேண்டாம். சார் தோளைத் தட்டிக் கொடுக்கப் போனாரு, அதுவும் வேண்டாம். தாய்மாரெல்லாம் சிரிச்சாங்க. மாடத்திக்கும் சிரிப்பு வந்துட்டு. அந்தச் சிரிப்போடயே கிட்டப் போய் மண்டி போட்டு உக்காந்து, அவன் கன்னத்துல கையை வச்சா.

"எய்யா, அம்மா? அம்மா வேணும்லா?"

கை அலைஞ்சுது. அம்மா படத்தைத் தாண்டிப் போச்சு. உள்ளங்கையில விழுந்துச்சு.

ஒருத்தரும் சிரிக்கல.

மாடத்தி அப்படியே தரையில உக்காந்துட்டா. அன்னைக்குத்தான் அவ அழுது பாத்தேன். "ஒம்போது வருசமா இவன் வாயில ஒரு வார்த்தை வராதான்னு காத்துக் கெடந்தேன். கடைசியில என்னயவே வேண்டாம்னுட்டானே."

சாருக்கு முகம் வெளிறிப் போச்சு. "தப்புப் பண்ணிட்டேன் டீச்சர். நான் எடுத்துருதேன்." நகத்தால படத்தோட ஓரத்தைக் கெளப்பினாரு. டீச்சர் அது மேல கையை வச்சு அமுக்கிட்டாங்க.

எனக்கு டீச்சர் மேல கோவம் கோவமா வந்துச்சு. பெத்தவ இப்படிக் கெடந்து அழுதா, இந்தப் பொம்பள கல்லு மாதிரி நிக்காளேன்னு இருந்துச்சு. இதுக்கா இத்தனை பாடு? அந்தப் படத்தை நானே பிச்சு அடுப்புல போட்டிருப்பேன்.

மாடத்தி எந்திரிச்சு மூக்கைச் சிந்தினா. இசக்கியைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பினா.

"சாயந்திரம் அவரு கேப்பாரு டீச்சர், இன்னைக்கு என்னத்தப் படிச்சான்னு. அம்மா வேண்டாம்னு சொல்லப் படிச்சிருக்கான்னு சொல்லட்டுமா?"

"நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க மாடத்தி," டீச்சர் சொன்னாங்க. "கையை மட்டும் காட்டுங்க."