யானை வைத்தியரின் ஓலை

முன்னொரு காலத்தில் கொன்றைக்கரை நாட்டை மகுடவேலன் என்ற அரசன் ஆண்டான். காலையில் போட்ட உத்தரவை மதியம் மறந்துவிடுவான். ஏன் நிறைவேறவில்லை என்று மாலையில் கோபிப்பான். மற்றபடி நல்லவன்.

ஒருநாள் செங்கமலம் என்ற பெண் அவைக்கு வந்தாள். அவளுடைய மாந்தோட்டத்தைத் தன்னுடையது என்று சொல்லி, அரசவைப் புலவர் அம்பலவாணர் வேலி போட்டுவிட்டார்.

"யானை வைத்தியரா இருந்த என் பூட்டனார் வச்சுட்டுப் போன தோட்டம், மகாராஜா. மரண சாசனம் இருக்கு."

"நூறு வருஷத்துக் கையெழுத்து. அதைப் படிக்க இந்த நாட்டில் என்னை விட்டால் ஆளில்லை" என்றார் புலவர்.

"அப்படியானால் நீரே படியும்" என்றான் அரசன். எதிராளியே சாசனத்தைப் படிப்பது முறையா என்று யாரும் கேட்கவில்லை, சாப்பாட்டு நேரம்.

செங்கமலம் ஓர் ஓலையை நீட்டினாள். புலவர் முழங்கினார்: "என் மாந்தோட்டத்தை என் ஆருயிர் நண்பர், மகாபண்டிதர் சிதம்பரநாதருக்கு அளிக்கிறேன்." "அவர் என் பாட்டனார்" என்று விளக்கமும் சொன்னார்.

"ஓரிடத்தில்கூடத் திக்கவில்லையே" என்று வியந்தான் அரசன்.

"எனக்கும் அதான் ஆச்சரியம், மகாராஜா. ஓலைக்கு நான் இன்னும் மையே தடவலையே" என்றாள் செங்கமலம்.

ஓலையில் எழுத்து என்பது எழுத்தாணியின் கீறல்தான். கரி தடவித் துடைத்தால்தான் கண்ணுக்குத் தெரியும். பழைய கரி போய்விட்டால் மறுபடி தடவ வேண்டும். எல்லாவற்றையும் பிறர் படிக்கக் கேட்டே புலவரானவருக்கு இது தெரியாது.

அவள் இலைச்சாற்றில் குழைத்த கரியைப் பூசித் துடைத்தாள். அரசன் எழுத்துக் கூட்டினான்: "சுக்கு... கடுக்காய்... யானையின் மலச்சிக்கலுக்கு..."

"பூட்டனாரோட மருந்து ஓலை. தெரிஞ்ச மருந்துச் சரக்குப் பேரை வச்சுத்தான் அவர் கையெழுத்தைப் படிக்கக் கத்துக்கிட்டேன். சாசனம் இதுதான்" என்று மை தடவிய இன்னோர் ஓலையைக் கொடுத்தாள்.

அரசன் இரண்டையும் பக்கத்தில் வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் படித்தான். "... மரம் உள்ள தோட்டம், என் மகள் வள்ளிக்கும் அவள் வம்சத்துக்கும். எத்தனை மரம் என்று எழுதியிருக்கிறது, அம்மா?"

"வள்ளி என் பாட்டி. ஆனா எண்ணிக்கை இருந்த இடத்தைப் பூச்சி தின்னுடுச்சு. தெரியலை, மகாராஜா."

'தெரியலை' என்ற சொல்லை அரசன் அந்த அவையில் கேட்டது அன்றுதான். தோட்டத்தை அவளுக்கே கொடுத்தான். அரண்மனை ஓலைகளைப் படிக்கும் பதவியையும் கொடுத்தான். பிறகு புலவரைப் பார்த்தான்.

"பட்டத்து யானை மூன்று நாளாக அவதிப்படுகிறது. இந்த மருந்தை நீரே அரைத்துக் கொடும். குணம் தெரியும்வரை அதன் பின்னாலேயே நில்லும்."

அரசன் மறந்துவிடுவான் என்று புலவர் நம்பினார். அரசன் மறந்துதான் போனான். பாகன் மறக்கவில்லை, மருந்தும் மறக்கவில்லை.